யார் தந்த முகவரி? மெஷ் வலைப்பின்னலும் பக்கத்து வீடும்

1

2018 மே 24 காலையில் திருநெல்வேலியில் ஒரு நண்பர் வீட்டு மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு நாள் முன்னால்தான் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை மூடச் சொல்லி ஊர்வலம் போன மக்கள் மீது போலீஸ் சுட்டிருந்தது. இறந்தவர்கள் 13 பேர் என்பது பிற்பாடு உறுதியான கணக்கு. அன்றைக்கு ஆளுக்கொரு எண்ணிக்கை சொன்னார்கள். தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தியிருந்தது அரசு. போனில் பேசலாம், ஒரு படம் அனுப்ப முடியாது.

தூத்துக்குடியிலிருந்து வந்த தோழர் ஒருவர் கொடுத்த நாலைந்து படங்கள் என் போனில் இருந்தன. அடுத்த மாடியில் நின்ற பையன் கேட்டான்: "அண்ணே, அத எனக்கு அனுப்புங்க." அவனுக்கும் எனக்கும் நடுவில் இருபதடி. என் போனுக்குள் ஒரு ரேடியோ, அவன் போனுக்குள்ளும் ஒரு ரேடியோ. ஆனாலும் வழக்கமாக அந்தப் படம் அவனிடம் போக வேண்டுமென்றால் முதலில் டவருக்குப் போய், கம்பெனிக்குப் போய், எங்கோ இருக்கும் சர்வருக்குப் போய், அதே வழியில் திரும்பி வர வேண்டும். கூப்பிடு தூரத்தில் நிற்கிறவனோடு பேச உலகத்தைச் சுற்றி வருகிறோம் என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

கடைசியில் புளூடூத் போட்டு அனுப்பினேன். அவன் தனக்கு அடுத்த மாடிக்கு அனுப்பினான். அங்கிருந்து இன்னொரு மாடி. மூன்றாவது மாடியோடு படம் நின்றுபோனது. ஏன் நின்றது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதைக்கு இதை மட்டும் கவனியுங்கள்: ஒவ்வொரு தாவலுக்கும் ஓர் ஆள் நின்று, யாருக்கு என்று பார்த்து, பட்டனை அழுத்த வேண்டியிருந்தது. அந்த ஆளின் வேலையை ஒரு மென்பொருள் தானே செய்தால், வாங்குவதைத் தனக்கு அடுத்தவருக்குக் கடத்தினால், எந்தப் பக்கம் கடத்துவது என்பதையும் தானே கண்டுபிடித்தால், அதற்குப் பேர்தான் மெஷ் வலைப்பின்னல். கணினிகள் தமக்குள்ளேயே ஒழுங்கமைத்துக்கொள்ளும் வலை.

இதைப் பற்றி நம் வட்டத்தில் இரண்டு விதமாகத்தான் பேச்சு நடக்கிறது. ஒன்று, "மையமே இல்லாத வலை வந்தாச்சு, இனி அரசு என்ன செய்ய முடியும்" என்கிற கொண்டாட்டம். இன்னொன்று, "எல்லாம் அமெரிக்கன் சரக்கு" என்கிற புறங்கை. இரண்டுமே அந்த வலை எப்படி ஓடுகிறது என்று பார்க்காத பேச்சு. எப்படி ஓடுகிறது என்று பார்த்தால்தான் அதிகாரம் அதில் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்பது தெரியும்.

2

இணையத்தை நிறுத்துவது ஏன் இத்தனை சுலபம்? ஒரு மாவட்டத்தில் லட்சக்கணக்கான போன்கள் இருக்கலாம். அவை எல்லாம் விரல் விட்டு எண்ணக்கூடிய சில கம்பெனிகளின் வாசல் வழியாகத்தான் வெளியே போகின்றன. உத்தரவு லட்சம் பேருக்குப் போக வேண்டியதில்லை, அந்த நாலைந்து வாசலுக்குப் போனால் போதும். 2018இல் அந்த உத்தரவுக்குச் சட்டப் பின்னணியாக இருந்தவை 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டமும் அதன் கீழ் 2017இல் போடப்பட்ட விதிகளும். 2024இல் புதிய விதிகள் வந்துவிட்டன. வாசல்கள் அப்படியே இருக்கின்றன.

வாசல் இல்லாத வலை என்ற யோசனை புதியதல்ல. 1964இல் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்தில் இருந்த பால் பாரன் பரவல் தகவல்தொடர்பு பற்றிய தன் ஆய்வு வரிசையை வெளியிட்டார். அதில் வரும் மூன்று படங்கள் பிரபலம். முதலாவதில் ஒரே மையம், எல்லாக் கோடும் அதில் முடிகிறது. இரண்டாவதில் பல சிறு மையங்கள். மூன்றாவது மீன்வலை மாதிரி: ஒவ்வொரு முடிச்சும் பக்கத்து முடிச்சுகளோடு மட்டும் கட்டப்பட்டிருக்கிறது. வலையில் ஒரு கண்ணி அறுந்தால் வலை போய்விடுவதில்லை. மீன்பிடிக்கிற ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாரனின் கவலை ஜனநாயகம் அல்ல. அணுகுண்டு விழுந்த பிறகும் ராணுவத்தின் கட்டளை போய்ச் சேர வேண்டும், அதற்கு வழி என்ன என்பதுதான் அவர் கேள்வி. ஆக, மையமற்ற வலை என்பது ஒரு பெரும் மையம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள யோசித்த யோசனை. இந்தப் பிறப்பை மறைக்க வேண்டாம், அதற்காக வலையை நிராகரிக்கவும் வேண்டாம். 2011இலும் இதே கதைதான். முடக்கப்பட்ட ஊர்களில் பயன்படும் மெஷ் கருவியை உருவாக்க அமெரிக்க வெளியுறவுத்துறை பணம் கொடுத்தது. தன் எதிரி நாட்டுக் குடிமக்களின் சுதந்திரத்தின் மேல்தான் அதற்கு அக்கறை என்பதை நாம் புரிந்துகொள்ளலாம். ஆனால் மூலநிரல் திறந்து கிடக்கிறது. யார் பணம் கொடுத்தார்கள் என்பது ஒரு கேள்வி, யார் கையில் இப்போது இருக்கிறது என்பது வேறு கேள்வி.

3

சரி, மென்பொருளுக்கு வருவோம். 2011 வாக்கில் தொடங்கிய சிஜேடிஎன்எஸ் என்ற மென்பொருளை எடுத்துக்கொள்கிறேன். அதன் பெயர் வாயில் நுழையாது, ஆனால் அதற்குள் இருக்கும் கருத்து மிகவும் எளிமையானது.

வழக்கமான இணையத்தில் என் கணினிக்கு ஒரு முகவரி எப்படிக் கிடைக்கிறது? உலக அளவில் ஒரு பதிவகம் எண்களைக் கண்டங்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. ஆசியாவுக்கான பங்கு ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் உள்ள ஏப்னிக் என்ற அமைப்பிடம். அங்கிருந்து இந்தியப் பதிவகம், அங்கிருந்து கம்பெனி, கம்பெனியிடமிருந்து நான். மேலிருந்து கீழே இறங்கும் படிக்கட்டு. முகவரி எனக்கு வழங்கப்படுகிறது. வழங்குகிறவன் பிடுங்கவும் செய்யலாம். ரேஷன் கார்டு வாங்க அலைந்தவர்களுக்கு இந்த உறவு நன்றாகவே தெரியும்.

சிஜேடிஎன்எஸ் இந்தப் படிக்கட்டை எடுத்துவிடுகிறது. அதற்கு அது பயன்படுத்துவது 1970களில் கண்டுபிடிக்கப்பட்ட பொதுச்சாவி மறையாக்கம். இதைப் பூட்டு சாவி என்று வச்சுக்குவோம். நான் ஒரு பூட்டும் அதற்கான சாவியும் செய்கிறேன். பூட்டை நகல் எடுத்து ஊர் முழுக்கக் கொடுக்கிறேன். சாவி என்னிடம் மட்டும். யார் வேண்டுமானாலும் கடிதத்தைப் பெட்டியில் வைத்து என் பூட்டைப் போட்டு அனுப்பலாம். திறக்க என்னால் மட்டும்தான் முடியும். வழியில் பத்துப் பேர் கை மாறினாலும் அவர்களுக்குப் பெட்டிதான் தெரியும், கடிதம் தெரியாது.

இனிமேல்தான் விஷயம். அந்தப் பூட்டைக் கணித முறையில் நசுக்கிச் சுருக்கினால் ஒரு நீண்ட எண் வருகிறது. அந்த எண்ணையே சிஜேடிஎன்எஸ் என் முகவரியாக வைத்துக்கொள்கிறது. முகவரி எஃப்சி என்று தொடங்க வேண்டும் என்று ஒரு விதி, எனவே கணினி சராசரியாக 256 பூட்டுகள் செய்து பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். ஒரு நொடி வேலை. விண்ணப்பம் கிடையாது, கட்டணம் கிடையாது. இரண்டு பேருக்கு ஒரே முகவரி அமைந்துவிடும் வாய்ப்பு நடைமுறையில் இல்லை என்று சொல்லும் அளவுக்கு எண் பெரியது.

இதன் விளைவை யோசித்துப் பாருங்கள். வழக்கமான இணையத்தில் "நான்தான் இந்த முகவரிக்காரன்" என்பதற்கு மூன்றாவது ஆள் ஒருவர் சான்று தர வேண்டும். இங்கே சாவி கையில் இருப்பதே சான்று. அடையாளம் வழங்கப்படுவதில்லை, உண்டாக்கிக்கொள்ளப்படுகிறது. அடையாள அரசியல் பற்றி இத்தனை ஆண்டுகள் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நாம். நம்மில் யாரும் யோசிக்காத ஒரு பதிலை ஒரு நிரல் சத்தமில்லாமல் வைத்திருக்கிறது. ஒரு நஷ்டமும் உண்டு: சாவி தொலைந்தால் முகவரியும் போச்சு. அழுதுபோய் நிற்க அலுவலகம் எதுவும் கிடையாது.

4

முகவரி என்னுடையது, சரி. வழி?

வழி என்னுடையது இல்லை. இதை மறந்துவிட்டுப் பேசுவதால்தான் கொண்டாட்டம் எல்லை மீறிப் போகிறது. என் பெட்டியை நானே சுமந்து போக முடியாது, பக்கத்துக்காரர் வாங்கிக் கடத்த வேண்டும். எந்தப் பக்கத்துக்காரர்? இதற்குப் பல விடைகள் உண்டு.

பெர்லினில் 2000களின் தொடக்கத்தில் ஃப்ரைஃபுங்க் என்ற இயக்கம் கிளம்பியது. பழைய கிழக்கு பெர்லினின் சில பகுதிகளில் ஜெர்மனி ஒன்றான பிறகு நவீனமாகக் கண்ணாடியிழைக் கம்பி போட்டிருந்தார்கள். அதில் டிஎஸ்எல் இணைப்பு ஓடாது. முன்னேற்றமே முட்டுக்கட்டையாக நின்றது. மக்கள் கூரைகளில் வைஃபை ரூட்டர்களை வைத்து வீட்டுக்கு வீடு இணைத்தார்கள். முதலில் பயன்படுத்திய முறையில் ஒவ்வொரு ரூட்டரும் வலை முழுவதன் வரைபடத்தையும் தன்னிடம் வைத்திருக்க முயன்றது. வலை வளர வளர ரூட்டர்கள் திணறின. அந்தத் திணறலில் இருந்துதான் பேட்மேன் என்ற முறை பிறந்தது.

பேட்மேனில் யாரிடமும் முழு வரைபடம் இல்லை. ஒவ்வொரு ரூட்டரும் அவ்வப்போது "நான் இருக்கேன்" என்று ஒரு குரல் கொடுக்கும். அந்தக் குரலை மற்றவை கடத்தும். தூரத்து வீட்டின் குரல் எந்தப் பக்கத்து வீடு வழியாக எனக்கு நன்றாக வந்து சேருகிறதோ, அந்த வீட்டுக்குப் பதிலை அந்தப் பக்கமே அனுப்புவேன். அவ்வளவுதான். முழுமையை யாரும் அறியாமலே முழுமை இயங்குகிறது. 2011இல் இது லினக்ஸ் கருநிரலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. பெருங்கதையாடல்களின் மேல் நம்பிக்கை இழந்து, ஆனால் அரசியல் செயல்பாட்டைக் கைவிடவும் மனமில்லாத என்னைப் போன்றவர்களுக்கு இந்த முறையில் ஓர் ஈர்ப்பு இருப்பதை ஒப்புக்கொள்கிறேன்.

சிஜேடிஎன்எஸ்ஸுக்குச் சில ஆண்டுகள் பின்னால் வந்த இக்ட்ராசில் இன்னொரு விடை. முகவரியைச் சாவியிலிருந்து எடுப்பது இதிலும் உண்டு. வழி கண்டுபிடிக்க அது ஒரு மரத்தை உண்டாக்குகிறது. பெயரே நார்டிக் தொன்மத்தின் உலக மரத்தின் பெயர்தான். எல்லாக் கணினிகளும் தங்கள் சாவிகளின் மதிப்பை ஒப்பிட்டு ஒன்றை வேராக ஏற்கின்றன. வேரிலிருந்து எந்தெந்தக் கிளை வழியாக என்னிடம் வருவது என்பதே என் இடம். போக வேண்டிய இடத்துக்கு மரத்தில் நெருக்கமான பக்கத்துக்காரரிடம் பெட்டி போகும்.

இங்கே நம் வாசகர்கள் சிரிப்பார்கள். டெல்யூஸும் கத்தாரியும் மரத்துக்கு எதிராக ரைசோமை நிறுத்தினார்கள். வேரும் தண்டும் படிநிலையும் இல்லாமல் அருகம்புல் போல எங்கும் படர்வது. இணையம் வந்தபோது இதோ ரைசோம் என்று எழுதியவர்கள் நம்மிலும் உண்டு. இப்போது பார்த்தால் மையமற்ற வலைக்குள் ஒரு மரம் நிற்கிறது, அதற்கு ஒரு வேரும் இருக்கிறது! ஆனால் அந்த வேர் என்ன செய்கிறது என்று பாருங்கள். எல்லாப் பெட்டிகளும் அதன் வழியாகப் போக வேண்டியதில்லை. குறுக்கு வழி இருந்தால் அதில் போகும். வேர் அணைந்துபோனால் மற்றவை ஒப்பிட்டு வேறொன்றை ஏற்றுக்கொள்ளும். அது ஒரு குறிப்புப் புள்ளி, அரியணை அல்ல. சிஜேடிஎன்எஸ்ஸும் பிற்காலத்தில் வழி சொல்வதற்கென்று சில பெருங்கணுக்களை வைத்துக்கொண்டது. ஆக, மையம் உண்டா இல்லையா என்று கேட்பது தப்பான கேள்வி. மையத்துக்கு என்ன வேலை தரப்பட்டிருக்கிறது, அதை மாற்ற முடியுமா என்பதே கேட்க வேண்டியது.

5

"பாதுகாப்பானது" என்று சொன்னால் யாரிடமிருந்து என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காமல் செயலியை இறக்கிக்கொண்டு போராட்டத்துக்குப் போவது ஆபத்து.

2014இல் ஹாங்காங் தெருக்களில் பல்லாயிரம் பேர் ஃபயர்சாட் என்ற செயலியை வைத்திருந்தார்கள். டவர் இல்லாமலே போனிலிருந்து போனுக்குச் செய்தி தாவியது. ஆனால் அந்தச் செய்திகளுக்கு மறையாக்கம் இல்லை. கூட்டத்தில் நின்ற உளவுக்காரரும் அதே அரட்டையில் உட்கார்ந்து படிக்கலாம். 2019இல் அதே நகரத்தில் பிரிட்ஜ்ஃபை பரவியது. 2020இல் லண்டனின் ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். செய்திகளைப் படிக்க முடிந்தது. ஒருவர் பெயரில் இன்னொருவர் எழுத முடிந்தது. யார் யாரோடு பேசுகிறார் என்று பின்தொடர முடிந்தது. வேண்டுமென்றே தயாரித்த ஒரே ஒரு செய்தியை விட்டு வலையையே படுக்க வைக்கவும் முடிந்தது. மெஷ் என்பதும் பாதுகாப்பு என்பதும் ஒரே சொல் அல்ல என்பதற்கு இதற்கு மேல் பாடம் வேண்டாம்.

சிஜேடிஎன்எஸ்ஸும் இக்ட்ராசிலும் முனைக்கு முனை மறையாக்கம் செய்கின்றன. கடிதத்தை நடுவில் யாரும் படிக்க முடியாது. ஆனால் அவை உங்கள் பெயரை மறைக்கும் கருவிகள் அல்ல. பெட்டி எங்கிருந்து எங்கே போகிறது என்பது கடத்துகிறவருக்குத் தெரியக்கூடும். ரேடியோ ஒலிபரப்பினால் அது எந்த மாடியிலிருந்து வருகிறது என்று கருவி வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

இன்னொன்று, இதைத்தான் அதிகம் பேர் குழப்பிக்கொள்கிறார்கள். இந்த மென்பொருள்களைப் பெரும்பாலானோர் இருக்கிற இணையத்தின் மேலேயே ஓட்டுகிறார்கள். சென்னையில் ஒரு கணினி, பாரிஸில் ஒரு கணினி, நடுவில் மறையாக்கம் செய்த சுரங்கம். நல்லதுதான். ஆனால் மே 24 போல ஒரு நாள் வந்தால் அந்தச் சுரங்கமும் அடைபடும். அன்றைக்கு உதவுவது மாடிக்கு மாடி பேசும் ரேடியோவும் கம்பியும் மட்டும்தான். 2023 மே மாதம் இந்திய அரசு 14 செய்திச் செயலிகளைத் தடை செய்தது. இணையமே இல்லாமல் புளூடூத்திலும் ஓடக்கூடிய பிரையர் அதில் ஒன்று. அரசுக்கும் இந்த வேறுபாடு தெரிந்திருக்கலாம் என்று நினைக்கத் தோன்றுகிறது.

6

அப்படியானால் கடைசியில் நம்மிடம் மிஞ்சுவது என்ன? பக்கத்து வீடு.

கத்தலோனியாவில் கம்பெனிகள் திரும்பிப் பார்க்காத கிராமப் பகுதியில் 2004இல் தொடங்கிய குய்ஃபி நெட் பல பத்தாயிரம் கணுக்களாக வளர்ந்தது. நியூயார்க்கின் ரெட் ஹுக்கில், அரசுக் குடியிருப்புகளில் ஏழைகள் நிறைந்த அந்தப் பகுதியில், ஒரு சமூக அமைப்பு சில கூரைகளில் மெஷ் ரூட்டர்கள் வைத்திருந்தது. 2012 அக்டோபரில் சாண்டி புயல் அடித்தபோது மற்றத் தொடர்புகள் போன பிறகும் அந்தச் சின்ன வலை வேலை செய்தது. பிறகு அரசின் பேரிடர் நிறுவனமே தன் செயற்கைக்கோள் இணைப்பை அதில் கொண்டுவந்து செருகியது. மென்பொருள் எல்லா ஊருக்கும் ஒன்றுதான். ரெட் ஹுக்கில் அது நின்றதற்குக் காரணம் புயலுக்கு முன்பே ஆட்கள் ஒருவரையொருவர் அறிந்திருந்தது.

பக்கத்து வீட்டை நான் புனிதப்படுத்தவில்லை. அதிகாரம் மேலே மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை, உறவுகளின் ஊடாக ஓடுகிறது என்பதை ஃபூக்கோவைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. ஜெர்மனியில் 2010இல் வந்த ஒரு தீர்ப்பு, திறந்த வைஃபையில் அடுத்தவர் செய்யும் குற்றத்துக்கு ரூட்டர் வைத்த வீட்டுக்காரரைப் பொறுப்பாக்கியது. 2017இல் சட்டம் திருத்தப்படும் வரை அந்தப் பயம் நீடித்தது. வாசல் இல்லாவிட்டால் என்ன, ஒவ்வொரு வீட்டையும் வாசலாக்கிவிடலாம். கியூபாவின் ஹவானாவில் இளைஞர்கள் தெருவுக்குத் தெரு கம்பியும் ஆன்டெனாவும் இழுத்து எஸ்நெட் என்ற பெரும் வலையைக் கட்டினார்கள். அது அசல் மெஷ் அல்ல, ஆனால் பாடம் பொருந்தும். அரசியல் பேசக்கூடாது என்பது அந்த வலையின் சொந்த விதி. போலீஸ் வராமலிருக்கத் தாங்களே போலீஸ் ஆனார்கள். அப்படியும் 2019இல் அரசின் புதிய விதிகள் வந்து அதை விழுங்கின.

இப்போது அந்த மூன்றாவது மாடி. நான்காவது மாடி ஒன்றும் தூரத்தில் இல்லை. நடுவில் ஒரு சந்து, பத்தடி. அங்கேயும் இரண்டு பேர் போனை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். மூன்றாவது வீட்டு அம்மாவிடம் நண்பர் கேட்டபோது அவர் சொன்னது இதுதான்: "அந்தப் பக்கத்து ஆளுகளோட எங்களுக்குப் பேச்சுவார்த்தை கிடையாதுப்பா." ஏன் கிடையாது என்று நம் ஊரில் யாரும் கேட்க வேண்டியதில்லை. அரசு உத்தரவு போட்டு நிறுத்தியது மூன்று மாவட்டத்தை. அந்தப் பத்தடியை நிறுத்த யார் உத்தரவும் தேவைப்படவில்லை.

தானே ஒழுங்கமைந்துகொள்ளும் வலை என்கிறோம். அந்தத் 'தான்' யார்? ரேடியோவுக்குச் சாதி தெரியாது, பேட்மேனின் குரல் சந்தைத் தாண்டிப் போய்விடும். ஆனால் ரூட்டரை மாடியில் வைக்க ஒரு மனிதர் சம்மதிக்க வேண்டும். இணையத்தின் மேல் ஓட்டுகிற சிஜேடிஎன்எஸ்ஸில்கூட, ஏற்கெனவே உள்ளே இருக்கும் ஒருவரோடு இணைந்தால்தான் புதியவர் சேர முடியும். முகவரி தருகிற அதிகாரத்தைக் கணிதம் ஒழித்துவிட்டது. வழி விடுகிற அதிகாரம் பக்கத்து வீட்டில் பத்திரமாக இருக்கிறது. இருக்கிற ஊரை அப்படியே விட்டுவிட்டு வலை விரித்தால், வலையும் ஊர் மாதிரியேதான் விரியும்.

இதனால் மெஷ் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தடை உத்தரவு வந்த அன்றைக்கு இதை ஆரம்பிக்க முடியாது என்கிறேன். இரண்டு பழைய ரூட்டர், நாலு மாடி, முன்கூட்டியே நேரில் பார்த்து மாற்றிக்கொண்ட பொதுச்சாவிகள் என்று சின்னதாகத் தொடங்கலாம். மென்பொருளை நிறுவ ஒரு மதியம் போதும். முதலில் போய்ப் பேச வேண்டியது அந்த நான்காவது மாடிக்காரரிடம்.